அக்கா துடைக்காமல் விட்ட கோடு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்காவைப் பற்றித் தம்பிதான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் கயல்விழி சொன்னாள். சரி என்றேன். அதன் பிறகு மூன்று மாதங்கள் ஒரு வரியும் வரவில்லை. துக்கம் தொண்டையை அடைத்தது என்று எழுதினால் அது பொய். எதுவும் அடைக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. இடம் தெரிகிறது, வலி தெரியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் ஊரில். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தவர். நான் ஏழாவது படிக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அக்கா பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். நான் படித்து ஆசிரியர் ஆனேன். இதை அக்கா ஒரு நாளும் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

அத்தானுக்குத் தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு வந்தவர். பால் டேங்கர்களுக்குப் பாலிஷ் போடுவதுதான் அவர் தொழில். பால் வண்டியின் வெளித்தகட்டுக்குப் பெயின்ட் கிடையாது. வெறும் எவர்சில்வர். சாலைப் புழுதியும் போர்த் தண்ணீரின் உப்புக்கறையும் கருவேல முள் கீறலும் சேர்ந்து ஒரு வருடத்தில் தகடு சாம்பல் பூத்துவிடும். அதைக் கழுவி, கீறல்களை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, சுழலும் துணிச்சக்கரத்தில் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தடவிச் சாண் சாணாக மெருகேற்ற வேண்டும். ஒரு வண்டிக்கு நான்கைந்து நாள் பிடிக்கும்.

அக்கா முதலில் அங்கே சமையல் மட்டும்தான் செய்துகொண்டிருந்தார். சின்ன வயதில் பாத்திரம் கழுவச் சொன்னால் கொல்லைப் பக்கமாக ஓடிவிடுகிறவர் என்று அம்மா சொல்வார்கள். கயல்விழிக்கு நான்கு வயதாகும்போது ஒரு நாள் துணிச்சக்கரம் அத்தானின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. கொட்டகையில் ஒரு டேங்கர் பாதி வேலையில் நின்றது.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அத்தானிடம் அக்கா கேட்டாராம்: "ஏங்க, மிஷினை எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அக்கா புடவையை இழுத்துச் செருகி, அதன்மேல் அத்தானின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு மிஷினைத் தூக்கினார். முதல் நாளே ஓரிடத்தில் அழுத்திப் பிடித்ததால் தகடு சூடேறிப் பழுப்புத் திட்டு விழுந்துவிட்டது. அதை எடுக்க இரண்டு நாள் ஆனது. வண்டியை எடுக்க வந்த ஓட்டுநர் தயங்கினார்.

"என்னண்ணே, பொம்பளை கையில குடுத்துட்டீங்க?" என்று அத்தானிடம் கேட்டார்.

அக்காதான் பதில் சொன்னார்: "வண்டியைப் பாருங்கண்ணே. என் கையை ஏன் பாக்கறீங்க?"

அத்தானின் கை இன்றுவரை பழைய நிலைக்கு வரவில்லை. இடது கையால் கழுவுவார், துடைப்பார். மிஷின் அக்காவுடையது. கடைசி மெருகுக்குக் கோதுமை மாவைத் தூவிப் பழைய வேட்டித் துணியால் துடைப்பது அக்காவே கண்டுபிடித்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை, எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான் என்று பிறகு அத்தான் சொன்னார். ஆயுத பூஜைக்கு முந்தின மாதம் கொட்டகை வாசலில் நான்கைந்து டேங்கர் வரிசையில் நிற்கும். கயல்விழி படித்ததும், இன்று திருவாரூரில் வங்கி வேலையில் இருப்பதும் அந்த வரிசையால்தான்.

இனி எழுதப்போவது உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரிந்த விஷயம். அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன கதை என்று சொந்தத்தில் பேசிக்கொள்வார்கள். நான் அன்று அங்கே இருந்தேன்.

ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விடாத மழைக்கு நடுவே கொஞ்சம் வெறித்திருந்தது. ஊரிலிருந்து கொட்டகைக்கு அரிசி மூட்டை கொண்டுபோயிருந்தேன். அத்தான் கடைவீதிக்குப் போயிருந்தார். அப்போது ஒரு பால் டேங்கர் உள்ளே வந்தது. ஆயுத பூஜைக்கு அக்கா மெருகு போட்டு அனுப்பிய அதே வண்டி. ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்து பதினைந்து வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. அக்காவுக்கு வந்த வேலையில் பாதி அவர் கொடுத்ததுதான்.

ஓட்டுநர் பெயர் செல்வம். அக்காவை விட வயதில் சிறியவர். இறங்கி வந்து, "இடது பக்கம் ஒரு கோடு விழுந்துடுச்சுக்கா. மரக்கிளை உரசிடுச்சு. மொதலாளி சாயங்காலத்துக்குள்ள எடுத்துடச் சொன்னாரு" என்றார்.

அக்கா போய்ப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். பின்சக்கரத்துக்கு முன்னால், என் முழங்கால் உயரத்தில், இரண்டடி நீளத்துக்கு ஒரு கீறல். அக்கா குந்தி உட்கார்ந்து அதன்மேல் விரலை ஓட்டினார். கீறலுக்குள் நீலப் பெயின்ட் அப்பியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் பூதலூர் சாலையில் மொபெட்டில் போன ஒருவரை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று காலையில் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நடவு முடித்துத் திரும்பிய கூலி விவசாயி. பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். நானும்தான் அந்தப் பேச்சைக் கேட்டேன்.

"மரக்கிளை இவ்வளவு கீழயா இருக்கும் தம்பி?" என்று அக்கா செல்வத்திடம் கேட்டார்.

செல்வம் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நின்னிருக்கணும்க்கா. மழை. கண்ணாடியில பாத்தேன், கெடந்தாரு. பயமாயிடுச்சு. மொதலாளிக்கிட்டச் சொன்னேன். அக்காகிட்டப் போ, தடமே தெரியாம எடுத்துடுவாங்கன்னாரு."

நான் அக்காவைத் தனியே அழைத்தேன். நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு? மரக்கிளைன்னு சொன்னான், நீ தேச்சுக் குடுத்தே. அவ்வளவுதான். கயலுக்குக் காலேஜ் கடைசி வருசம். இந்த ஆளைப் பகைச்சுக்கிட்டா கொட்டகையை மூட வேண்டியதுதான்."

"அரை மணி நேர வேலைடா" என்றார் அக்கா. "தேச்சா போயிடும். அதான் பயமா இருக்கு."

நான் டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்துணியை அவிழ்த்திருந்தார். செல்வத்தைப் பார்த்து, "எந்திரி தம்பி. வண்டியை எடு. ஸ்டேஷனுக்குப் போவோம். நான் உன்கூட வர்றேன். நீயா போய்ச் சொல்றது வேற, அவங்க வந்து புடிக்கிறது வேற" என்றார்.

செல்வம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அக்கா திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பக்கத்திலேயே நின்றார். பிறகு அவர் எழுந்து ஏறினார். அக்கா மறுபக்கம் ஏறிக்கொண்டார். சட்டை முழுவதும் கரி, தலையில் கட்டிய துண்டைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் வந்துவிட்ட அத்தான் தன் சைக்கிளைச் சாத்திவிட்டு அவரும் ஏறினார். மூவரோடு வண்டி பைபாஸில் திரும்பியது. இரண்டு டீயும் கையில் ஆறிக்கொண்டிருக்க நான் நின்றேன். என்னையும் வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நானாகவும் ஏறவில்லை. பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டேன்.

அந்த முதலாளி அதன் பிறகு ஒரு வண்டியும் அனுப்பவில்லை. அவருக்கு வேண்டியவர்களும் அனுப்பவில்லை. ஒன்றரை வருடம் கொட்டகை வாசல் காலியாகக் கிடந்தது. அக்கா கல்யாண மண்டபங்களின் அண்டாக்களையும் குண்டான்களையும் வாங்கி வந்து மெருகு போட்டுக் கொடுத்தார். "கடைசியில அம்மா ஆசைப்பட்டபடி பாத்திரம் தேய்க்க வந்துட்டேன்" என்று சிரிப்பார். நான் அந்த ஒன்றரை வருடமும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் போனேன். கேட்டால் பள்ளியில் வேலை என்பேன்.

அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். வலது கால் மட்டும் விந்திவிந்தி நடக்கும்படி ஆகிவிட்டது. எந்த வண்டி என்று தெரிந்துவிட்டதால் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்தது. அடுத்த சித்திரையில் அவர் மனைவி தனலட்சுமி ஒரு பை உளுந்தோடு கொட்டகைக்கு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றாராம். அன்று முதல் அக்காவும் அவரும் நல்ல சிநேகிதிகள். செல்வத்தின் மேல் வழக்கு நடந்தது. லைசென்ஸ் கொஞ்ச காலம் இல்லாமல் இருந்தது. கிடைத்ததும் வேறொரு முதலாளியிடம் சேர்ந்து, அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு முதலில் வந்தது அக்காவின் கொட்டகைக்குத்தான். அதன் பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

அக்கா போவதற்குச் சுமார் மூன்று வருடம் முன்பு மூச்சிரைப்பு தொடங்கியது. மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு மிஷினைத் தூக்க முடியவில்லை, பிறகு மல்லாந்து படுக்க முடியவில்லை. நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிவிட்டது என்றார் மருத்துவர். என்ன வேலை செய்தார் என்று கேட்டார். சொன்னோம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, அது இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். கேட்டுக்கொண்டு வந்தோம்.

கடைசியாக மருத்துவமனையில் இருந்த பதினோரு நாட்களில் நான் எட்டு நாள் உடனிருந்தேன். ஒரு பிற்பகல், மூக்கில் குழாயோடு அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அத்தான் சாப்பிடப் போயிருந்தார். இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

எந்த நாள் என்று அக்கா கேட்கவில்லை. கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நீ டீ வாங்கப் போனேல்ல" என்றார். "அப்ப நான் தாளை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துட்டேன்டா."

எனக்குப் புரியவில்லை.

"உப்புத்தாளை. அந்தக் கோட்டு மேல. நீ சொல்றது சரிதான்னு தோணுச்சு. ஒரே இழுப்பு. கொஞ்சம் நீலம் தாள்ல வந்துடுச்சு. அதைப் பாத்ததும் கை நின்னுபோச்சு." நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மிச்சம் இருக்கறது போதுமான்னு பயந்துக்கிட்டேதான் ஸ்டேஷனுக்குப் போனேன். உங்க அத்தானுக்குக்கூடத் தெரியாது. எல்லாரும் என்னை நல்லவன்னு சொல்றப்பல்லாம் அந்த ஒரு இழுப்பு ஞாபகம் வரும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்த ஒரு வருடத்தில் பல பதில்களை யோசித்துவிட்டேன். அன்று, "தண்ணி வேணுமாக்கா?" என்று கேட்டேன். "கொஞ்சம் குடு" என்றார். கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை அக்கா போய்விட்டார். வயது ஐம்பத்து நான்கு.

இதை இந்த மலரில் எழுதலாமா என்று அத்தானிடமும் கயல்விழியிடமும் படித்துக் காட்டிக் கேட்டேன். கயல்விழி எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான், "எழுதுங்க. பாதியிலே கை நின்னதைத்தானே எழுதுறீங்க" என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனையில் அக்காவின் தலையை வாரிவிட்டுப் பின்னல் போட்டுவிட்ட செவிலியர், அவர் பெயரை நான் கேட்காமல் வந்துவிட்டேன். செய்தி கேட்டதும் லோடை இறக்கிவிட்டு நேராக வந்து, சுடுகாடுவரை தோள் மாற்றாமல் சுமந்த செல்வம். பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தனலட்சுமி அம்மாள். காலூன்ற முடியாமல் திண்டாடினாலும் பந்தலுக்கு வந்து ஒவ்வொரு நாளும் உட்கார்ந்திருந்த அவர் கணவர். பைபாஸில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மாலையோடு வந்து நின்ற பெயர் தெரியாத ஓட்டுநர்கள். பந்தல் போட்டவர்கள், பறை அடித்தவர்கள், தண்ணீர் தூக்கியவர்கள், இன்று இலை போட்டுப் பரிமாறுகிறவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அன்று முதல் இன்றுவரை நான் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனீர்கள். அதற்கும் நன்றி.

தம்பி