வேலாங்குளம் கோயிலின் வடக்குக் கை

வேலாங்குளத்துக்கு வந்த வெளியூர்க்காரர் ஸ்டான்லியிடம் மாட்டாமல் திரும்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை. அகரத்துக்குப் போகிற ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வயசு ஐம்பத்தேழு. கிணற்று மோட்டார் எரிந்துபோய் எத்தனை அவசரத்தில் ஒருவன் வந்தாலும் சரி, ஊருக்குப் புதியவன் என்று தெரிந்துவிட்டால் போச்சு. "நம்ம கோயிலப் பாத்தாச்சா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

கோயில் என்றால் மிக்கேல் சம்மனசு கோயில். சம்மனசு என்றால் சிறகுள்ள தேவதூதர். கட்டி நூற்றிருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய ஒரு முழ அகலச் சுவர், மேலே மங்களூர் ஓடு, உள்ளே கூம்பிய வளைவுகள், பிரான்சு தேசத்திலிருந்து வந்த மணி. பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்கம், அதாவது தெற்கே, கோயிலிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். அதற்குத் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி. இடப்பக்கம் கை கிடையாது. வெறும் சுவர்தான்.

இந்த இடத்துக்கு வந்ததும் ஸ்டான்லி குரலைத் தாழ்த்துவார். "சிலுவை மாதிரி கட்டணும்னுதான் பிளானு. தெக்குக் கைய முடிச்சாச்சு. வடக்குக் கைக்கு வேண்டிய இரும்பும் ஜன்னல் கண்ணாடியும் கப்பல்ல வந்துச்சு. முப்பத்திரண்டு பெட்டி. கரைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது புயலடிச்சு கப்பலு முங்கிப்போச்சு. கட்டுன சாமியாரு அந்த ஏக்கத்துலயே செத்துட்டாரு." கேட்டவர்கள் வெறும் சுவரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். ஸ்டான்லிக்கு அதில் ஒரு திருப்தி. பெரிய சாமி, அதாவது பிஷப், வந்தபோது அவருக்கும் இதைச் சொல்லி உச்சுக் கொட்டவைத்த மனிதர் அவர்.

ஆகவே நூற்றிருபத்தைந்தாம் வருஷ விழா மலரில் கோயில் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவருக்கே வந்தது. பங்குச் சாமியார் அமலன் சின்ன வயசுக்காரர், ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "நீங்களே எழுதிருங்கண்ணே, உங்க போட்டோவும் போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்போடு பேனாவை மூடிய ஸ்டான்லி மூன்று வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதி, திண்டுக்கல்லில் அச்சகத்தில் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அச்சில் வரப்போகிற முதல் எழுத்து. சனிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகிறது என்று தேதியும் சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பர்ஹானா வந்தாள். மதுரையில் கட்டடக்கலை படிக்கிற பெண். பழைய கோயில்களை அளந்து வரைபடம் போட வேண்டுமாம், கல்லூரியில் கொடுத்த வேலை. ஸ்டான்லி கடையைப் பூட்டிவிட்டு அவளோடு சுற்றினார். கப்பல் கதையையும் சொன்னார். அவள் உச்சுக் கொட்டவில்லை. வடக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், வெளியே போய் அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அங்கிள், அப்புறமா ஒட்டிக் கட்டணும்னு நெனச்சா சுவர்ல செங்கல்லைப் பல்லு மாதிரி நீட்டி விட்டிருப்பாங்க. இங்க அப்படி ஒண்ணுமே இல்லயே. வடக்க கட்டுற ஐடியாவே இருந்த மாதிரி தெரியலயே."

"கப்பல் முங்கினப்பறம் பூசி மறைச்சிருப்பாங்க தாயி."

"இருக்கலாம்" என்றாள். பிறகு தெற்குக் கைக்குள் போனாள். தரை ஒரு படி இறங்கியிருப்பதை அளந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். "இங்கிருந்து பீடம் நல்லா தெரியுது. நடுவுல உட்கார்றவங்க ஒருத்தர்கூடத் தெரியல. அவங்களுக்கும் இங்க இருக்கறவங்க தெரியாது, இல்லயா? இங்க யாரு அங்கிள் உட்காருவாங்க?"

"நாங்கதான்" என்றார் ஸ்டான்லி உற்சாகமாக. "கீழத்தெரு ஆளுக பூராம் இங்கதான். மேலத்தெரு ஆளுக நடுவுல. நல்லா காத்து வரும்."

அந்தப் பெண் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் தேவைக்கு அதிகமாக இரண்டு முறை தேங்ஸ் சொன்னாள்.

அங்கே பிடித்தது ஸ்டான்லிக்குக் குழப்பம். அவள் என்னத்தைக் கண்டுபிடித்தாள்? கண்டுபிடித்ததை ஏன் சொல்லாமல் போனாள்? மறுநாள் ஆண்டிச்சாமியின் பூந்தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டி, வயர் முனைகளை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. "என்னண்ணே, தண்ணியக் கிணத்துக்கே திருப்பி விடச் சொல்றீகளா?" என்று ஆண்டிச்சாமி போனில் கத்தினார். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஆனதில்லை.

வியாழக்கிழமை சாமியாரிடம் போய்க் கேட்டார். அமலன் அவரைவிடக் குழம்பினார். "எனக்கு என்னண்ணே தெரியும்? பழைய ரெக்கார்டு எல்லாம் செல்லு அரிச்சுக் கெடக்கு. அந்தக் கப்பல் எந்த வருஷம்?" ஸ்டான்லிக்கு வருஷம் தெரியவில்லை. கப்பல் பேர், புறப்பட்ட துறைமுகம், எதுவும் தெரியவில்லை. பெட்டி முப்பத்திரண்டு என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. "இருந்துட்டுப் போகட்டும்ணே, கதை நல்லாத்தான இருக்கு" என்று சாமியார் கை கழுவினார்.

கதையைச் சொன்னது அப்பா. கிணறு வெட்டுகிற சவரிமுத்து. கடலைக் கண்ணால் கண்டதில்லை, ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டிப் போனதில்லை. அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அப்பா செத்து இருபது வருஷம் ஆகிவிட்டது. மிச்சமிருப்பது அக்கா சந்தியாகம்மாள் ஒருத்திதான். ரெட்டியார்சத்திரத்தில் வாக்கப்பட்டவள், இவருக்குப் பதினோரு வயசு மூத்தவள். சனிக்கிழமை காலையில் ஸ்டான்லி பஸ் ஏறினார்.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கக்கூட விடாமல் கேட்டார்.

"யக்கா, நம்ம கோயில் கப்பலு முங்குனது நெசந்தானா?"

சந்தியாகம்மாள் முதலில் சிரித்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இம்புட்டு வருசம் கழிச்சு இப்ப எதுக்குலே அது?"

"சொல்லுக்கா."

"உனக்கு ஏழு வயசு. கோயில்ல மொத மொத அப்பம் வாங்குற புதுநன்மை அன்னைக்கு வெள்ளச் சட்ட போட்டு விட்டோம். நீ குதியாட்டம் போட்டுக்கிட்டு நடுவாசல் வழியா ஓடி, மேலத்தெருப் பிள்ளைகளோட முன்னால போய் உக்காந்துட்ட. ஒரு ஆளு வந்து உன் கையப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்தாந்து, தெக்குக் கையில எங்ககிட்ட விட்டுட்டுப் போனாரு. அப்பா ஒரு வார்த்த பேசல. அப்ப பேசவும் முடியாது."

ஸ்டான்லிக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.

"நீ அழுகல. அதுதான் எங்களுக்குத் தாங்கல. வீட்டுக்கு வர வழியெல்லாம், நமக்கு மட்டும் ஏன் தனியான்னு கேட்டுக்கிட்டே வந்த. அப்பா வாய்க்கா மேட்டுல உக்காந்து உன்ன மடியில வச்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு. தனியெல்லாம் இல்லப்பு, அது சம்மனசோட ரெக்கை, அந்தப் பக்கமும் ஒண்ணு கட்ட வேண்டியது, கப்பலு முங்கிப்போச்சுன்னு. எங்க இருந்துதான் வந்துச்சோ அந்த மனுசனுக்கு. பெட்டி எத்தனன்னு நீ கேட்ட. முப்பத்திரண்டுன்னாரு. அன்னைக்கு அவரு வெட்டிக்கிட்டு இருந்த கிணறு முப்பத்திரண்டு அடி."

ஸ்டான்லி கீரைத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக் கீரை ஆயத் தொடங்கினார். தெற்குக் கை எதற்காகக் கட்டப்பட்டது என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? ஊருக்கு ஊர் கோயிலில் சாதிக்கொரு பக்கம் இருந்ததைக் கேள்விப்பட்டவர்தானே? தன் கோயிலில் மட்டும் ஒரு கப்பல் குறுக்கே நின்று அதை மறைத்துவிட்டது. கப்பல் ஞாபகம் இருக்கிறது, இழுத்துப் போன கை ஞாபகம் இல்லை. இப்படியும் ஒரு மனுஷனுக்கு நடக்குமா?

"கீழத்தெருவுல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம? நீ ஊரு பூராம் அம்புட்டு ஆசையாச் சொல்லித் திரிஞ்ச. உங்கிட்டப் போய் யாரு சொல்றது?"

ஐம்பது வருஷமாகத் தெருவே தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறது என்று நினைத்ததும் அவருக்குக் காது சுட்டது. அப்பா மேல் கோபம் வந்தது. பொய்யைச் சொல்லித் தன்னை அந்த பெஞ்சில் சந்தோஷமாக உட்காரவைத்துவிட்டாரே. அடுத்த நிமிஷமே மடியில் ஏழு வயசுப் பையனை வைத்துக்கொண்டு, பார்த்திராத கடலில் பார்த்திராத கப்பலை முக்கிக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்ததும் அந்தக் கோபம் நிற்கவில்லை. எது சரி என்று அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அக்கா சாப்பிடச் சொன்னதைக் கேட்காமல் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்தார்.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் சத்யபிரியா உட்கார்ந்திருந்தாள். மலரின் பக்கங்களையெல்லாம் தட்டச்சு செய்தவள் அவள்தான். "வந்துட்டீங்களா அண்ணே, நாலு மணிக்கு மெஷினுக்குப் போகுது" என்றாள். ஸ்டான்லி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"கப்பல் வர இடத்த எடுத்துரு தாயி."

"ஐயோ, அதுதாண்ணே நல்லா இருந்துச்சு. அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்."

எட்டு வரி காணாமல் போயிற்று. பக்கத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு சந்து விழுந்தது. சாமியார் என்ன சொல்வார், மேலத்தெரு என்ன சொல்லும், இத்தனை நாள் உச்சுக் கொட்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஸ்டான்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"கோயிலின் தெற்குக் கை, கீழத்தெரு ஜனங்களைத் தனியாக உட்காரவைப்பதற்காகக் கட்டப்பட்டது."

சத்யபிரியாவின் விரல் நின்றது. அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடித்து முடித்தாள். "அப்பறம்ணே?"

"வடக்குக் கையை, கிணறு வெட்டும் சவரிமுத்து தன் மகனுக்காக ஒரே நாளில் கட்டினார்."

"அண்ணே, வடக்க கையே கெடையாதுன்னு மேல நீங்கதான எழுதியிருக்கீங்க? படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாதே."

"எனக்கும்தான் தாயி புரியல" என்றார் ஸ்டான்லி. "நீ அடி."