ஏலக்காய் ஸ்டோரில் ஓடிய பச்சைக் கோடு

"மூணு லோடு ஏலக்காய் பழுப்பாயிருச்சு. ஸ்க்ரீன்ல சூடு கரெக்டா ஓடுது. பாண்டிதான் தட்டைப் பெரட்டாமத் தூங்கியிருக்கான். நாளை சாயங்காலத்தோட அவன் ஸ்டோர்ல இல்ல. நீங்க வந்து ரெகார்டை எடுத்துக் குடுங்க."

சாந்தன்பாறை எஸ்டேட் மேனேஜர் போனில் இப்படிச் சொன்னபோது நான் கஞ்சிக்கோட்டில் வேலையாக இருந்தேன். ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் அவருடைய ஸ்டோருக்கு லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்தவன் நான். அறைக்குள் இருக்கும் சென்சார் நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைச் சொல்லும். முதலில் கறுப்புத் திரையில் வெறும் எண்கள்தான் வந்தன. "இதென்ன சார், மளிகைக் கடைச் சிட்டை மாதிரி?" என்றார் மேனேஜர். அதனால் பச்சைக் கோடு ஓடும் கிராஃபிக்கல் பேனல் போட்டுக் கொடுத்தேன். கரண்ட் போய் வந்தால் கோட்டில் ஓட்டை விழுந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ரீடிங் வராத நிமிடத்தில், முந்தின நாள் அதே நிமிடத்து எண்ணை எடுத்து நிரப்பும்படி எழுதிவிட்டேன். நாலு வரி புரோகிராம். அன்றைக்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜன்னலை ஒட்டிப் பனிமூட்டம் நின்றது. அடுப்புக்காரர் பாண்டி, எனக்குப் பத்து வயது மூத்தவர், பூட்டிய உலர்த்தும் அறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"கோடு எறங்குனா வெறகு போடணும்னு ஆர்டர் சார். போட்டேன். ஆனா கதவுல கை வச்சா கொதிக்குது."

நான் கோட்டைத்தான் நம்பினேன். பேனலில் எல்லாவற்றுக்கும் பச்சை டிக் இருந்தது. ரெகார்டை காப்பி எடுக்க உட்கார்ந்தேன்.

பதினொன்று இருபதுக்குக் கோடு சரிந்தது. ஐம்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழு. பிறகு மெல்ல ஏறியது. தட்டைப் பார்க்கக் கதவைத் திறந்து மூடினால்தான் அப்படி விழும்.

"ஏனுங்ணா, உள்ள ஆருங்க?"

"யாருமில்ல சார். பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புலல்ல இருக்கு."

முந்தின நாள் ரெகார்டைத் திறந்தேன். பதினொன்று இருபது, அதே சரிவு. அதற்கும் முந்தின நாள், அதே. யாரோ தினமும் அதே நிமிடத்தில் பூட்டைத் திறக்காமல் உள்ளே போய்விட்டு வருகிறார்கள். பயந்துதான் போனேன், மறைப்பானேன்?

பேனலைச் சிறிதாக்கிவிட்டு, எண்கள் ஓடும் பழைய கறுப்புத் திரையை, டெர்மினலை, திறந்தேன். சென்சார் சொல்வது அப்படியே பதிவாகும் லாக் ஃபைலின் கடைசியைப் பார்க்க ஒரே ஒரு கமாண்ட். 'சென்சார் இல்லை.' அடுத்த நிமிடம், 'சென்சார் இல்லை.' மேலே போகப் போக அதேதான். ஒன்பது நாள். அத்தனை நாளும் கோடு தன்னைத்தானே காப்பியடித்து ஓடியிருக்கிறது. அந்தப் பொய்ச் சரிவைப் பார்த்துப் பார்த்து பாண்டி விறகு போட்டிருக்கிறார்.

கதவைத் திறந்தோம். வயரை எலி கடித்திருந்தது. ஐம்பத்திரண்டில் நிற்க வேண்டிய சூடு, கைத் தெர்மாமீட்டரில் அறுபத்தாறு.

மேனேஜரை வரவழைத்தேன். "தப்பு என்னோடதுங்க சார். பாண்டியண்ணன் மேல ஒண்ணுமில்லீங்க."

திறந்த கதவையும் ஸ்க்ரீனையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். ஸ்க்ரீன் அப்போதும் ஐம்பத்திரண்டு என்றது. "அப்ப இது எந்தச் சூடு?"

"ஒம்பது நாளைக்கு முந்தி எரிஞ்ச தீங்க சார்."

அவர் எட்டி ஸ்க்ரீனை அணைத்தார். பிறகு, "பாண்டி, நீ இங்கயே இரு," என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிராஃபிக்கல் டூல் வேண்டாம் என்பதில்லை. ரீடிங் வராவிட்டால் ஓட்டையை ஓட்டையாகவே காட்டுங்கள். எங்கே போனாலும் முதலில் லாக் ஃபைலைப் படியுங்கள். அன்றைக்கு நான் அந்த நாலு வரியை அழித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பஸ் ஏறும் இடம் வரைக்கும் பாண்டி கூடவே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பாதி காலியாகியிருந்தது.

"கை சுடுது, ஸ்க்ரீன் சுடலங்குது. நமக்குத்தான் நரம்புக் கோளாறுன்னு போடிக்குப் போயி டாக்டரப் பாத்தேன் சார். இத நிறுத்திறலாம்ல?"