துரைக்குத் தைத்த திமில்

கால்நடைக் கணக்கெடுப்பு அறிக்கைகளைப் பழையதும் புதியதுமாக அருகருகே வைத்துப் படிப்பது என் பழக்கம். கலப்பினப் பசுக்கள் கூடிக்கொண்டே வருகின்றன. காளைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதற்குமேல் அறிக்கை பேசுவதில்லை. அந்தக் குறைவில் சேர்ந்த ஒரு காளையை எனக்கு நேரில் தெரியும்.

ஜமுனாமரத்தூரை அடுத்த எங்கள் ஊரில் மாடு என்றால் உழவுக்கும் எருவுக்கும்தான், பால் கன்றுக்கு. பால் வண்டி மலைமேல் வரத் தொடங்கியதும் அப்பா ஒரு சீமைப் பசுவை வாங்கி வந்தார். எந்த ஆண்டு என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன் என்பது மட்டும் உறுதி.

பசு காளைக்கன்று ஈன்றபோது யாரும் மகிழவில்லை. எனக்கோ அதன் வெள்ளை முகம் பிடித்துப்போய், துரை என்று பெயர் வைத்தேன். துரை வளர்ந்தான், முதுகு மட்டும் பலகைபோலத் தட்டையாகவே இருந்தது. திமில் இல்லாத மாட்டின் கழுத்தில் நுகத்தடி நிற்காது.

“ஏர் இழுக்காத மாட்டுக்கு எதுக்குத் தீனி? வர்ற சந்தைக்கு ஓட்டிடலாம்” என்றார் அப்பா.

நான் சாப்பிடாமல் அழுதேன். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஏர் பிடித்தே வளர்ந்தவர். அவர்தான் குறுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார். “ஒரு வாரம் பொறுங்க மாமா. நான் பழக்கிக் காட்டறேன்.”

மறுநாள் ஒரு சாக்கில் வைக்கோலைத் திணித்து, தைத்து, துரையின் தோள்மேல் வைத்துக் கட்டினார். பக்கத்தில் எங்கள் மலைக்காளையை நிறுத்தி நுகத்தைப் பூட்டினார். சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா மாமா, துரைக்குத் திமில் தெச்சிட்டியா? அப்டியே எனக்கும் ஒரு ஜாக்கெட்டு தெச்சிக் குடு!”

“நீ மொதல்ல துணி வாங்கினு வா” என்றார் மாமா.

துரை நான்கு எட்டு வைத்தான். திமில் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கியது. நுகத்தடி கொம்பில் மாட்டிக்கொண்டது. கொல்லையே சிரித்தது, மாமாவும் சிரித்தார். “சாக்கு சின்னது. அடுத்த வாரம் பெருசா தெச்சிடலாம் பாப்பா.”

அடுத்த வாரம் பெரிய சாக்கு. அதற்கடுத்த வாரம் இரண்டு கயிறு. இப்படியே பல சந்தைகள் தள்ளிப்போயின. இத்தனை நாளாகியும் ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியாத மாமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கோடையில் தீவனம் தீர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது மாமாவே துரையைச் சந்தைக்கு ஓட்டிப்போனார். திமிலில்லாத காளையைச் சந்தையில் யார், எதற்காக வாங்குவார்கள் என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“சந்தவாசல் ஆளு ஒருத்தரு ஏரு ஓட்ட வாங்கினு போய்ட்டாரு” என்றார் மாமா. நான் நம்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒருநாள் நானும் மாமாவும் சந்தவாசலில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பேருந்து மலையை விட்டு இறங்கியதும் ஜன்னலோரம் துரையைத் தேடத் தொடங்கினேன். வயலுக்கு வயல் டிராக்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க மாமா?”

“அந்தாண்ட, தென்னந்தோப்புக்குப் பின்னால இருப்பான் பாரு.”

தோப்பு மறையும்வரை கையசைத்தேன். கையால் காட்டிய மாமா, ஏன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.