ஊளை கியர்

மழைக்காலத்தில் என் பிக்கப் வண்டி ஏரிப் பக்கமிருந்து ஊளையிட்டால், எங்கள் ஊர்ப் பெண்கள் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். வண்டிக்காரனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

குற்றம் வண்டியுடையது அல்ல. செஞ்சிப் பக்கத்து வல்லத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஏரியின் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் பாதையின் மேலேயே ஓடும், முழங்கால் அளவு களிமண் சேறாகிவிடும். கல்லறைத் தோட்டமும் அந்தக் கரையில்தான், செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடும் அந்தக் கரையில்தான். ஆம்புலன்ஸ் உள்ளே வராது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஊரிலேயே என்னுடையது ஒன்றுதான். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்ற வாங்கினேன், ஊரார் சவப்பெட்டியை ஏற்றினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் சாவு வீட்டில் வந்து கேட்கிறவர்களிடம் எப்படி மாட்டேன் என்பது?

அந்த வண்டியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி உண்டு. நல்ல ரோட்டில் பின்சக்கரம் மட்டும் தள்ளும். ஈரம், சேறு என்றால் ஓட்டத்திலேயே கம்பியைத் தட்டி ‘ஃபோர் ஹை’க்குக் கொண்டுவரலாம். நான்கும் இழுக்கும், வேகமும் போகலாம். மோசமான சேற்றுக்கு ‘ஃபோர் லோ’. அதற்கு வண்டியைச் சுத்தமாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் போட வேண்டும். போட்டால் நடக்கிற வேகம்தான், ஆனால் யானை பலம். பெட்டி குலுங்காது, முன்னால் சிலுவை பிடித்துப் போகிறவர்களை முந்தாது. வண்டி மட்டும் அடித்தொண்டையில் ஊளையிடும். ஊரார் அதற்கு ஊளை கியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோயிலில் துக்க மணி ஓய்ந்ததும் அடுத்துக் கேட்பது அதுதான்.

என்னைப் பெற்ற நைனாவுக்கும் அந்தச் சத்தம் ஆகாது என்று எனக்கு வெகு நாள் தெரியாது. பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வீசுகிற மனுஷன் அவர். என் வண்டி கலங்கலில் இறங்குகிற நேரத்தில் மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாராம். அம்மா பிற்பாடு சொன்னாள்.

ஒரு கார்த்திகைக் காலை. தூறல். டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தேன், அம்மா நெருக்கி ஏறி அவரைத் தாங்கிக்கொண்டாள். கலங்கல் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, குட்டிக் கம்பியில் கை வைத்தேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“டேய், அத்தப் போடாதடா.”

“சேறு ஜாஸ்தி நைனா. அது இல்லாம ஏறாது.”

“சாவறதுக்கு முன்னாடியே என்னப் பொணமா தூக்கினு போறியா? வேணாம்டா.”

“அவுரு சொல்றதக் கேளேன்டா. டென்ஷன் பண்ணாத” என்றாள் அம்மா.

எந்தச் சேற்றுக்கு எந்த கியர் என்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அன்று லோ இல்லாமல் ஆகாது என்றும் தெரியும். ஆனால் அவர் கை சில்லென்று வியர்த்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பயம். நைனா உள்ளே இருக்கும்போது அந்தச் சத்தம் எழுந்தால், ஊர்ப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டால், அதுவே நடந்துவிடும் என்று பட்டது. ஹையில் போட்டு வேகமாக இறக்கினேன். ஓட்டத்திலேயே தாண்டிவிடலாம் என்று பார்த்தேன்.

முக்கால்வாசி தாண்டியும்விட்டேன். அங்கே முந்தின நாள் வெள்ளம் பாதையை அறுத்துப் போட்டிருந்தது, தண்ணீருக்கடியில் தெரியவில்லை. முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் வழுக்கிச் சுற்றியது, கடைசியில் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. ஏரியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். டிராக்டருக்குப் போன் போட்டேன். பக்கத்தில் அம்மாவின் ‘அருள் நிறைந்த மரியே’ வேகம் பிடித்துக்கொண்டே போனது.

நைனா கண்ணைத் திறந்தார். “போடுடா அத்த” என்றார்.

போட்டேன். ஊளை எழுந்தது. நான்கு சக்கரமும் சேற்றுக்குள் மெதுவாகச் சுற்றின, வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. வீண் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்குப் புரிந்துவிடும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “இவ்ளோதானாடா” என்றார்.

டிராக்டர் வந்து இழுத்துவிட்டபோது தூறல் பெருமழையாகியிருந்தது. தார் ரோட்டில் பறந்தேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணுக்குத் தெரிவதற்குள் அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி வாசல் வரை அதே வேகத்தில் ஓட்டினேன்.

இப்போதும் காய்ந்த ரோட்டில், செஞ்சி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வண்டி நிற்கும்போது, இடது மணிக்கட்டில் சில்லென்று ஒரு பிடி விழும். பக்கத்து சீட்டைப் பார்க்கப் பயமாக இருக்கும். பார்ப்பேன். காலியாகத்தான் இருக்கும்.

அடக்கத்தன்று ஊரே என் தோளைத் தட்டிச் சொன்னது: “பெத்தவரு கடைசியா கேட்டதச் செஞ்சிட்டடா, மனசத் தேத்திக்கோ.” படிப்பு, வேலை, கல்யாணம் என்று எதிலும் நைனா பேச்சைக் கேட்டவன் இல்லை நான். அன்று ஒரு நாள்தான் கேட்டேன்.