நாற்பது கிலோமீட்டர்

கண்ணாடிக் கடைக்காரருக்கு மனைவிக்கு அடுத்தபடி கார்தான் என்று தெருவில் சொல்வார்கள். வரிசை தப்பு என்பாள் மனைவி. ஞாயிறு காலையானால் பானெட்டைத் திறந்து வைத்துவிடுவார். தையல்காரரும் கணக்கு வாத்தியாரும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு, எந்த ஆயில் நல்லது, டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று வாய் ஓயாமல் பேசுவார்கள்.

அன்று வண்டி கிளம்பவில்லை. மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாக பேட்டரி உட்கார்ந்துவிட்டது. ஆல்டர்னேட்டர் கோளாறு என்றார் தையல்காரர். ஒயரில்தான் கசிவு என்றார் வாத்தியார். புதிதாகக் குடிவந்த பஸ் டிரைவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"சர்வீஸுக்கெல்லாம் ஒழுங்கா விடுறீங்களா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவ. ஒரு நாள் பிசகினதில்ல."

"ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு ஓடும்?"

கடைக்காரர் வண்டிக் கணக்கு நோட்டைப் புரட்டினார். "நாப்பது."

"நாப்பதாயிரமா?"

"நாப்பது கிலோமீட்டருங்க."

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். "சர்வீஸ் ஷெட்டு இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. வர இருபது, போக இருபது. நான் மழைன்னாலும் பஸ்தான். வண்டியில சேறு ஆயிடுமாம்."

"ஓடினாத்தான சார் பேட்டரி ஏறும்," என்றார் டிரைவர்.

கடைக்காரர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மூவரும் தள்ள, எஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் வாங்கிய நாள் முதல் இருந்த பிளாஸ்டிக் உறையை உரித்தெறிந்துவிட்டு, மனைவியைப் பார்த்து "ஏறு" என்றார்.

"எங்க?"

கடைக்காரர் விழித்தார். அந்தக் காரில் அவர் போயிருந்த ஒரே இடம் ஷெட்டுதான்.