இலைக்கு அடியில் இருந்த வெள்ளை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவதுதான். ஞாபகமும் முன்னே பின்னே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம். காயப்போட்ட சேலையிலும் மூடாத சோற்றிலும் தூசி படியும். அதனால் ஊரில் எது வெளுத்தாலும் லாரித் தூசி என்பார்கள். தலை நரைத்தால்கூட அதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

கொல்லையில் ஒரு தென்னை. எங்கள் ஒரே மகள் பிறந்தபோது, நச்சுக்கொடியைப் புதைத்து அதன் மேல் என் வீட்டுக்காரர் வைத்த கன்று. மகள் கல்யாண வயதில் நோயில் கிடந்து போய்விட்டாள். மரம் நின்றது. அவளைப் பற்றி அவர் பேசவே மாட்டார். குளிக்கிற தண்ணீர் மட்டும் அந்த மரத்துக்குத்தான் போக வேண்டும் என்பார்.

ஒரு கோடையில் அந்த மரத்தில் வெள்ளை படிந்தது. பிறகு கீழ்மட்டைகள் கரி பூசினது போல் கறுத்தன. "தூசி மூச்ச அடச்சிட்டுது. இனிமே பொழைக்காது" என்று அவர் மரம் வெட்டுகிறவரை வரச் சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்றேன்.

"இன்னொரு தடவ கண்ணெதிர்ல கொஞ்சங்கொஞ்சமா போறதப் பாக்கச் சொல்றியா?" என்றார்.

வந்தவர் மேலே ஏறி முதலில் மட்டைகளைக் கழித்துப் போட்டார். நின்று பார்க்க முடியாமல், விளக்குமாற்றுக்கு ஈர்க்கு கிழிக்க உட்கார்ந்துவிட்டேன். கை பிசுபிசுத்தது. மட்டையைத் திருப்பினேன். இலைக்கு அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை, வட்டம் வட்டமாக. விரல் பட்டதும் பொடிப்பொடியாகப் பறந்து, திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். தூசி திரும்பி வந்து உக்காருமா?"

மேலே இருந்தவர் சிரித்தார். "என்ன அத்த, தூசிக்கு றெக்க மொளச்சிருச்சா? மாமா, வெட்டவா, எறங்கவா? வெயிலு மண்டையப் பொளக்குது."

என் வீட்டுக்காரர் மட்டையைக் குனிந்து பார்த்தபடியே இருந்தார். பிறகு, "எறங்குப்பா" என்றார்.

இலையைப் பையில் கட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் வேளாண்மை ஆபீஸுக்குப் போனோம். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்த அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தூசின்னா மேலதானேங்கய்யா படியும்? இது அடியில இருக்கு. சுருள் சுருளா முட்ட வச்சிருக்கு பாருங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்த வெள்ளை ஈ. அது விடுற இனிப்புத் தண்ணி கீழ்மட்டையில சொட்டி, அதுல பூசணம் புடிச்சுதான் கறுக்குது."

"மரம் செத்துப்போவுமா?" என்றார் இவர்.

"காய்ப்பு கொறையும். சாவாது. விஷ மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க, இத அழிக்கிற பூச்சியும் செத்துடும்."

படி இறங்கினவர் திரும்பப் போய் அதையே கேட்டார். "சாவாதுங்கய்யா" என்றார் அந்த அம்மா.

அந்த அம்மா சொன்னபடி தண்ணீரை இலைக்கு அடியில் படும்படி வேகமாக அடித்தோம். கறுப்புக்கு மைதாக் கஞ்சி தெளித்தோம். காய்ந்ததும் பொருக்காக உதிர்ந்தது. ஈ இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனால் குருத்து பச்சையாக வருகிறது. இப்போதெல்லாம் விழுகிற ஒவ்வொரு மட்டையையும் அவர் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஈர்க்கு கிழிக்க என்னிடம் தருகிறார்.

ஒரு குடம் தண்ணீருக்கு மைதா எவ்வளவு என்று அந்த அம்மா சொன்னது மறந்துவிட்டது. பூச்சியைப் பற்றி நான் எழுதியதும் சரிதானா தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். தப்பாக எழுதி யார் வீட்டு மரமும் கெட்டுவிடக் கூடாது.