அருவியிடம் பேர் சொல்லிவிட்டு இறங்கவும்

அருவிக்கு ஆட்களை அழைத்துப் போகும் தொழிலில் அவர்களைத் தண்ணீரில் இறக்குவது ஒரு வேலையே இல்லை, கரையேற்றுவதற்குத்தான் கூலி. நாகலாபுரம் மலையில் ஓடையோடு நடத்தி, கல் தாண்டவைத்து, மூன்று மடுவும் காட்டி, மேல் மடுவில் அருவிக்கு அடியில் நீந்தவிட்டு, வந்தவர்களைப் பல்லோடும் செருப்போடும் கீழே சேர்ப்பவன் நான். வேறு மலையில் இதே பாடு படுகிற சக பாவிகள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

எங்கள் அருவி மழைக்காலத்தில் போடும் சத்தம் சாதாரணச் சத்தமில்லை. ஒருமுறை அதன் பக்கத்தில் நின்று தும்மினேன், எனக்கே கேட்கவில்லை. தும்மல் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் போன் பண்ணி, "ஜலதோஷமா மாமா? இங்க கேட்டுச்சி" என்றான். நான் இப்படிப் பேசுகிறவன். வினையும் இதனால்தான் வந்தது.

கல்யாணமான கால்கள்

நடு மடுவில் விரல் நீள மீன்கள் உண்டு. காலை விட்டால் வந்து மொய்க்கும், வலிக்காது, கூசும். சென்னையிலிருந்து வந்த கூட்டத்தில் பேச்சுவாக்கில், "இந்த மீனு கல்யாணம் ஆனவங்க காலை மட்டும்தான் கடிக்கும்" என்று சொல்லிவைத்தேன். ஒரு புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலை விட்டார்கள். அந்தம்மா காலே தெரியாத அளவுக்கு மீன். அவர் காலில் ஒன்றுகூட இல்லை. இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார். பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டுப் பார்த்தார். மீன்கள் வந்து, பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, நேராக அந்தம்மாவிடம் போய்விட்டன.

முழங்கால் வலிக்கு அவர் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தார். வாசனை எனக்கு அடித்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தபோது, நடுவில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் எங்கள் கமிட்டிக்குப் போன் வந்தது. புருஷன்தான்: "ஐயா, மீனு எதுக்குங்க பொய் சொல்லப்போவுதுன்னு கேக்குறா. நான் எந்த மீனைக் கூட்டிக்கினு வந்து சாட்சி சொல்லவைக்கிறது?"

பச்சைச் சட்டை

மலையேற்றத்தை நடத்துவது எங்கள் ஊர்க் கமிட்டி. அதற்குச் செயலாளர் செங்கல்ராயன். குடிபாலாவிலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர். மாப்பிள்ளை என்றால் எனக்குத்தான். தங்கமான பிள்ளை. கணக்கு சுத்தம், கை சுத்தம், சிரிப்பு மட்டும் வராது. கைடுகளுக்குப் பச்சைச் சட்டை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். போனை வைத்துவிட்டு என் சட்டையைப் பார்த்தபடி சொன்னார்: "மாமா, இனிமே பொய் சொன்னீங்கன்னு இன்னொரு புகார் வந்துச்சின்னா, சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு ஊட்ல குந்திக்குங்க."

எனக்கு வேறு வேலை தெரியாது. வேறு வேலை வேண்டவும் வேண்டாம். காலையில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் காதில் விழவில்லை என்றால் எனக்குக் காப்பி இறங்காது. வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் முறையிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீ ஊட்ல குந்துறதா இருந்தா அந்தச் சட்டையை எங்கிட்ட குடுக்கச் சொல்லு. நான் மலைக்குப் போய்க்கிறேன்."

சாமி குளிக்காத தண்ணீர்

அடுத்த வாரத்திலிருந்து உண்மை மட்டும் பேச ஆரம்பித்தேன். புத்தூரிலிருந்து ஒரு அம்மா, வேதநாராயண சாமியைச் சேவித்துவிட்டு, ஈர விபூதி வாசனையோடு என்னிடம் வந்து சேர்ந்தார். நெற்றியில் நாமமும் இருந்தது, விபூதியும் இருந்தது. யாரையும் விட்டுக்கொடுக்காத பக்தி. முதல் மடுவைப் பார்த்ததும், "இதுல யாருப்பா குளிச்சது?" என்று கேட்டார்.

அய்யோ, என் நாக்கு பட்ட பாடு. கீழே கோவிலில் இருப்பவரோ மீனாக அவதாரம் எடுத்தவர். இந்த மடுவிலிருந்துதான் துள்ளிப் போனார் என்று சொன்னால் எந்த மனிதன் மறுக்கப்போகிறான்? பல்லைக் கடித்துக்கொண்டு, "தெரியாதும்மா. ஊர்க்காரங்க குளிக்கிறாங்க. எருமைங்க குளிக்கும்" என்றேன். "ராமர்?" "தெரியாதும்மா." "சீதையாச்சும் கால் நனைச்சிருக்குமே?" "தெரியாதும்மா." அவர் அவிழ்க்கத் தொடங்கிய கொண்டையைத் திரும்ப முடிந்துகொண்டார். "எந்தச் சாமியும் குளிக்காத தண்ணில நான் எதுக்குப்பா குளிக்கணும்? எங்க ஊட்ல பைப்ல வருதே."

மேனேஜர்

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மடுவின் கரையில், புங்கமரத்தடியில், மஞ்சள் பூசிய ஏழு கல் இருக்கிறது, ஏழு கன்னிமார். ஆடு மேய்க்கப் போகிறவர், சீயக்காய் பறிக்கப் போகிறவர், யாராக இருந்தாலும் அங்கே நின்று, தன் பேர், அப்பன் ஆத்தாள் பேர், ஊர் பேர் மூன்றையும் தண்ணீரைப் பார்த்து உரக்கச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவேண்டும். ஒரு காற்று அடிக்கும், ஒரு குருவி கத்தும், ஒரு இலை விழும். அதுதான் 'வா' என்று அர்த்தம். பிறகுதான் கால் நனைக்கலாம். என் நைனா சொன்னார், அவர் நைனா சொன்னார். நான் வாழ்க்கையில் சொல்லும் விஷயங்களில் இது ஒன்றுக்கு மட்டும் நான் மெருகு போட்டதே இல்லை.

ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஆரணி, போளூர், செய்யாறு என்று ஒவ்வொருவனும் ஒழுங்காகச் சொன்னான். ஒருவன் மட்டும் குறும்பாக, தன் மேனேஜர் பேரையும், மேனேஜர் ஊர் ஓங்கோலையும் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் காலை வைத்தான். கணுக்கால் அளவு தண்ணீர். பாசிக் கல் இழுத்தது. உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே அடுத்த பாறைவரை போனான். நான் கை கொடுத்துத் தூக்கினேன். கரையிலிருந்த ஒருவன் அவனைத் தேற்றினான்: "விடு மச்சி. தண்ணி கணக்குல விழுந்தது மேனேஜருதான்."

உப்பு

உண்மை பேசுவது தொற்றுநோய். மலையில் பழகினால் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. குழம்பு எப்படி என்று சம்சாரம் கேட்டாள். கல்யாணமானதிலிருந்து இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். அன்று வாய் தவறி, "உப்பு கம்மி" என்று வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளை மலைமேலதானே பொய் பேசக்கூடாதுன்னாரு. ஊட்டுக்கு இன்னா வந்துச்சி?"

மீன் கொடுத்த பட்டம்

அந்தப் பிள்ளைகள் மேனேஜர் விழுந்ததைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நான் பேர் சொல்லச் சொல்வதும் அதில் இருந்தது. 'கிழவன் மறுபடியும் கதை விடுகிறான்' என்று யார் யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். செங்கல்ராயன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதையும் விட்டுடுங்க மாமா. இனிமே பேரும் கேக்கவேணாம், ஊரும் கேக்கவேணாம்."

பொய்யை விடச் சொன்னபோது விட்டேன். இதை எப்படி விடுவது? அறிமுகமில்லாத ஆட்களை ஒரு வீட்டுக்குள் கூட்டிப் போய், வீட்டுக்காரியிடம் யாரென்று சொல்லாமல் அடுப்பங்கரைவரை நடக்கவிடுவதுபோல் இருந்தது எனக்கு. அதற்குச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடலாம். "மாப்ளே, இது பொய் இல்ல. நெசம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை தானே கூட வருவதாகவும், அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தால் சட்டையை அங்கேயே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, வாசலில் நின்று ஒன்று சேர்த்துச் சொன்னார்: "மீனு கூட நெசம்னுதான் சொன்னீங்க."

பதிலுக்கு நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் இரண்டு பேர்தான். சுமதி, நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண், ஹவாய்த் தீவில் வாழ்க்கைப்பட்டவள். கூட அவள் புருஷன், அந்தத் தீவுக்காரர். நம் வீட்டு நிலைப்படியில் குனிந்தும் பக்கவாட்டிலும் நுழையவேண்டிய உடம்பு. அங்கே அவர் பார்ப்பதும் என் தொழில்தான், அருவிக்கு ஆள் கூட்டிப் போய் நீந்தவைப்பது. தொழிலில் பொய் சொல்வதுண்டா என்று சுமதி மூலமாகக் கேட்டேன். சுறாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்வாராம். அவர் தோளைத் தட்டலாம் என்று பார்த்தேன், எட்டவில்லை. செங்கல்ராயன் பின்னாலேயே, ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிற முகத்தோடு வந்துகொண்டிருந்தார்.

முதல் மடு வந்தது. நான் வாயை இறுக்கிக்கொண்டு கன்னிமாரைப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றேன். அந்த மனிதர் யாரும் சொல்லாமல் செருப்பைக் கழற்றினார். தண்ணீரைப் பார்த்து நின்று, தன் பாஷையில், அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு குரல் எடுத்தார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. மலை திருப்பிச் சொன்னது. முடித்துவிட்டு அசையாமல் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். "இன்னாம்மா ஆச்சி? ஏன் நிக்கிறாரு?" என்றார் செங்கல்ராயன். "அவங்க ஊர்ல இப்டித்தாண்ணா. தான் யாரு, யாரு புள்ள, எந்த மலை, எந்தத் தண்ணின்னு சொல்லி, உள்ள வரலாமான்னு கேக்கணும். இந்த இடத்துக்காரங்க பதில் சொல்லணும். சொல்லலைன்னா திரும்பிடுவாரு" என்றாள் சுமதி. "இத்தினி தூரம் வந்துட்டா?" "ஒரு தபா அப்டித் திரும்பியிருக்கோம்."

செங்கல்ராயன் என்னைப் பார்த்தார். நான் புங்கமரத்தைப் பார்த்தேன். "மாமா, சொல்லுங்க." "வாயைத் தொறக்கக்கூடாதுன்னீங்களே மாப்ளே." "மாமா." அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. முன்னால் போய் நின்றேன். "நான் முனுசாமி. சின்னத்தம்பி, அஞ்சலை பெத்த புள்ள. நாகலாபுரம். இவங்க நம்ம வூட்டுக்கு வந்தவங்க. வாங்க" என்றேன். ஒரு இலை விழுந்தது. நான் ஊதிவிடவில்லை, சத்தியம். அந்த மனிதர் வந்து, அவர் ஊர் வணக்கமாக, என் நெற்றியில் தன் நெற்றியை வைத்து மூச்சு இழுத்துவிட்டு, தண்ணீரில் இறங்கினார். எருமை இறங்கும் நிதானம். மல்லாந்து மிதந்தபோது மடுவே கொஞ்சம் மேலே ஏறிக் கரையை நனைத்தது.

இறங்கியவர் செங்கல்ராயனைப் பார்த்துச் சுமதியிடம் என்னவோ கேட்டார். "அண்ணன் ஏன் இன்னும் பேர் சொல்லலைன்னு கேக்குறாரு" என்றாள். மாப்பிள்ளை சட்டை பட்டனைத் தடவினார். பிறகு கரைக்கு வந்து, "செங்கல்ராயன். தேசப்பன், குப்பம்மா. குடிபாலா" என்றார், அட்டெண்டன்ஸ் சொல்கிற குரலில். சொன்னதும் முகம் மாறிவிட்டது. "நாளைக்கே போர்டு எழுதி மாட்டிடலாம் மாமா. பேர் சொல்லிட்டுத்தான் எறங்கணும்னு. நீங்களே நின்னு சொல்லவைங்க. அது சரி, கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான் சொல்லாமயே குளிச்சிக்கினு இருந்தேனே, அதுக்கு இன்னா பண்றது?"

எத்தனை வாரமாக அடக்கிவைத்த நாக்கு. "குளிச்ச தபாவுக்கு ஒரு தரம் சொல்லிடுங்க மாப்ளே. பாக்கி இருக்கக்கூடாது" என்றேன். சிரிக்கத் தெரியாத அந்தத் தங்கமான பிள்ளை, விரல் விட்டு எண்ணிக்கொண்டு, செங்கல்ராயன் குடிபாலா, செங்கல்ராயன் குடிபாலா என்று மலையைப் பார்த்துக் கூவ ஆரம்பித்தார். சுமதி விஷயத்தைப் புருஷனிடம் சொல்லியிருக்கவேண்டும். மடுவின் நடுவே அவர் வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. நான் மேல் மடுவுக்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, மாப்பிள்ளை எண்ணிக்கையைப் பாதியில் நிறுத்தி, உண்மையான கவலையோடு கேட்டார்: "மாமா, போன ஆடிப்பெருக்குக்குக் காலையில ஒரு தபா குளிச்சேன், சாயந்திரம் ஒரு தபா. அது ஒண்ணா, ரெண்டா?"

உண்மைக்குச் சாட்சி சொல்லக் கடல் தாண்டி ஆள் வரவேண்டியிருக்கிறது. பொய்க்கு நான் ஒருவனே போதுமாயிருக்கிறேன்.